பசையத் தள்ளாட்டம்: ‘குளூட்டன் அட்டாக்சியா’வைத் தமிழில் சொல்வது எப்படி?

‘குளூட்டன் அட்டாக்சியா’ என்பது கோதுமை போன்ற தானியங்களின் புரதத்துக்கு எதிராக உடலில் கிளம்பும் நோயெதிர்ப்பு, சிறுமூளையைத் தாக்கி நடையைக் குலைக்கும் நோய். இலத்தீனில் ‘குளூட்டன்’ என்றால் பசை. கோதுமை மாவைப் பிசைந்து, அந்த உருண்டையைத் தண்ணீரில் அமுக்கி அமுக்கிக் கழுவினால் மாச்சத்து பால்போலக் கரைந்து போய்விடும். ரப்பர்போல இழுபடும் கட்டி ஒன்று கையில் மிஞ்சும். இத்தாலியரான பெக்காரி இப்படிப் பிரித்தெடுத்த விவரம் 1745இல் அச்சேறியது. கட்டியில் பெரும்பகுதி கிளையடின், குளூட்டெனின் என்னும் இரு புரத வகைகள்.

தமிழில் ‘பசையம்’ என்ற சொல் ஓரளவு நிலைபெற்றுவிட்டது. நல்ல சொல்தான், ஆனால் ஒட்டுவதெல்லாம் பசையம் ஆகிவிடாது. குழைந்து ஒட்டும் அரிசியில் பசையம் இல்லை. அங்கே ஒட்டுவது மாச்சத்து. பார்லி, ரை ஆகிய தானியங்களின் மாவைக் கழுவினால் கோதுமையில் வருவதுபோன்ற கட்டி கிடைக்காது. ஆனாலும் அவற்றின் புரதங்கள் இதே நோயைத் தருவதால் மருத்துவத்தில் அவையும் பசையத்தில் அடக்கம்.

‘அட்டாக்சியா’ கிரேக்கச் சொல். ‘டாக்சிஸ்’ என்பது ஒழுங்கு, வரிசை. முன்னால் நிற்கும் ‘அ’, நம் அநீதியிலும் அசைவத்திலும் வருகிற அதே எதிர்மறை. ஆக, ஒழுங்கின்மை. தசையில் வலு இருக்கும். எது முதலில், எவ்வளவு, எப்போது என்ற கணக்குதான் பிசகும். அந்தக் கணக்கைப் பார்ப்பது சிறுமூளை.

இதற்குத் ‘தள்ளாமை’ என்று எழுதுவது தவறு. தள்ளாத வயது என்கிறோமே, அது வலுக்குறைவு. ‘தள்ளாட்டம்’ பொருந்தும். குடித்தவரின் நடை நினைவுக்கு வருகிறதே என்று தயங்க வேண்டாம். மது தாக்குவதும் சிறுமூளையைத்தான். கை குறி தவறுவதும் பேச்சு குழறுவதும் இச்சொல்லில் அடங்காது என்பது நியாயமான குறை. பொதுவான அட்டாக்சியாவுக்கு ‘இயக்க ஒத்திசைவின்மை’ எனலாம். பசையத்தால் வருவதில் கால்களும் நடையுமே முதன்மையாகப் பாதிக்கப்படுவதால், இங்கே ‘பசையத் தள்ளாட்டம்’ என்பதே என் தேர்வு.

பெயரில் பசையம் இருப்பதால் வயிற்றுக் கோளாறு இருந்தே தீரும் என்று நினைப்பது பெரிய பொறி. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நரம்பியல் மருத்துவர் ஹட்ஜிவாசிலியுவின் குழுவினர் 1990களிலிருந்து விவரித்துவரும் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு வயிற்றுத் தொல்லையே இல்லை. பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சிறுகுடல் திசுவிலும் சேதம் இல்லை. பசையத்துக்கு எதிராகக் கிளம்பும் நோயெதிர்ப்பு, சிறுமூளையில் உள்ள ‘புர்கின்யே’ என்னும் நரம்பு செல்களையும் தாக்குகிறது. பலருக்கு டிஜி6 என்ற நொதிக்கு எதிரான எதிர்ப்பொருளும் (நோயெதிர்ப்பு மண்டலம் சுரக்கும் புரதம், ‘ஆன்டிபாடி’) இரத்தத்தில் தென்படும். நோய் பெரும்பாலும் ஐம்பது வயதையொட்டி, மெல்ல மெல்லத் தொடங்கும்: கால்களை அகட்டி வைத்த நடை, கண்விழி அதிர்வு. கால் மரத்துப்போவதும் எரிவதும் வேறொரு நோயின் அறிகுறி. அது கை, கால் நரம்புகளைத் தாக்கும் புற நரம்பு நோய். இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து வரலாம்.

எதிர்ப்பொருளுக்கான இரத்தச் சோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடுவது பலரும் செய்யும் தவறு. எதிர்ப்பொருள் வடிந்து, முடிவு பொய்யாக ‘இல்லை’ என வரும். ஏற்கெனவே நிறுத்தியவர், மருத்துவர் ஒப்புதலோடு, குறைந்தது 6 வாரம் தினமும் ஒரு வேளைக்கு மேல் பசைய உணவு உண்டபின் சோதிப்பது வழக்கம். எதிர்ப்பொருள்களில் ஐஜிஏ (IgA) என்பது ஒரு வகை; அவ்வகையில் பசைய எதிர்ப்பைப் பார்க்கும்போது இரத்தத்தின் மொத்த ஐஜிஏ அளவையும் பார்க்க வேண்டும். அந்த மொத்த அளவே குறைவாக இருந்தால் முடிவை நம்ப முடியாது. பி12, வைட்டமின் ஈ, செம்பு ஆகியவற்றின் குறைபாட்டாலும் நடை தடுமாறும் என்பதால் அவற்றையும் விலக்கியாக வேண்டும்.

சிகிச்சை என்பது பசையத்தை அடியோடு விலக்குவது. ‘பசையமற்றது’ என்ற முத்திரைக்குப் பன்னாட்டு வரம்பு, கிலோவுக்கு 20 மில்லிகிராம். எதிர்ப்பொருள் மறையவே 6 முதல் 12 மாதம் ஆகலாம்; அதுவரை நடை மாறவில்லையே என்று கைவிடக் கூடாது. இறந்த புர்கின்யே செல் மீண்டும் முளைப்பதில்லை. தாமதமாகத் தொடங்கியவருக்குத் தள்ளாட்டம் மேலும் மோசமாகாமல் நிற்பதே பலனாக இருக்கலாம்.