எச்சரிக்கை வரவில்லை என்பதால் மாலாக் சரியாகிவிடாது

சி நிரல்களை மறுஆய்வு செய்யும் பணியில் நான் அடிக்கடி கேட்கும் பதில், “எல்லா எச்சரிக்கைகளையும் இயக்கித்தான் கம்பைல் செய்தோம், ஒன்றும் வரவில்லை” என்பது. மாலாக் என்ற செயற்கூறு செய்யும் நினைவக ஒதுக்கீட்டைப் பொறுத்தவரை இந்தப் பதிலை நம்பி எதையும் விட்டுவிட முடியாது.

அளவுக்கு மீறி நினைவகம் கேட்கும் அழைப்புகளை எச்சரிக்கும் அலாக்-சைஸ்-லார்ஜர்-தேன் என்ற விருப்பம், சி நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரான ஜிசிசியில், 2017இல் வெளிவந்த 7ஆம் பதிப்பு முதல் இருக்கிறது. ஆனால் 64 பிட் கணினியில் அதன் இயல்பு வரம்பு ஏறத்தாழ 2இன் 63ஆம் அடுக்கு. மாலாக்குக்கு மைனஸ் ஒன்றைக் கொடுத்தால் அது மாபெரும் எண்ணாக எடுத்துக்கொள்ளப்படுவதால் பிடிக்கும், 40 ஜிபி கேட்டால் பேசாது. வரம்பை நாமே குறைத்து வைத்தாலும், கேட்கும் அளவு அதை நிச்சயமாகத் தாண்டும் என்று கம்பைல் நேரத்திலேயே தெரிந்தால்தான் அது வாய் திறக்கும். கோப்பிலிருந்தோ நெட்வொர்க்கிலிருந்தோ வரப்போகும் எண்ணைப் பற்றிக் கம்பைலருக்கு என்ன தெரியும்?

இதைவிட மோசமானது, பெரிய அளவு சிறிய அளவாக வேடமிட்டு வருவது. ஒரு படக் கோப்பின் அகலமும் உயரமும் 32 பிட் குறியிலா எண்கள் (சுழியம் முதல் 2இன் 32ஆம் அடுக்குக்கு ஒன்று குறைவு வரை மட்டுமே கொள்பவை), பிக்சலுக்கு 4 பைட் என்று கொள்வோம். இரண்டும் 32,768 என்றால் அந்த 4ஐயும் சேர்த்த பெருக்குத்தொகை சரியாக 2இன் 32ஆம் அடுக்கு. 32 பிட்டில் அது அடங்காமல் சுற்றி வந்து சுழியமாகிவிடும். பெருக்கல் முடிந்த பிறகே விடை, நினைவக அளவுகளுக்கான சைஸ்-டி வகைக்கு விரிவதால் 64 பிட் கணினியிலும் இதே கதிதான். குறியிலா எண் சுற்றி வருவது சி மொழியின் விதிப்படியே நடப்பதால் கம்பைலர் குறை சொல்லாது. லினக்ஸில் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சியின் மாலாக் சுழிய பைட்டுக்கும் ஒரு முகவரி தருவதால், முகவரி கிடைத்ததா என்று பார்க்கும் நல் சோதனையும் தேறிவிடும். அடுத்து பிக்சல்களை நிரப்ப வரும் லூப், இல்லாத இடத்தில் எழுதத் தொடங்கும். 2002இல், தொலைவிலுள்ள கணினியில் பாதுகாப்பாக நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளின் 3.4 பதிப்பில் சரிசெய்யப்பட்ட ஓட்டையும் இந்த இனம்தான்: மறுமுனை அனுப்பிய எண்ணிக்கை, சோதிக்கப்படாமலே சுட்டியின் (ஒரு நினைவக முகவரியின்) அளவோடு பெருக்கப்பட்டு ஒதுக்கீட்டுக்குப் போனது.

64 பிட் கணினியில் பெருக்கலுக்கு முன்பே சைஸ்-டி ஆக்கினால் சுழியம் வராது. உண்மையாகவே 4 ஜிபி கேட்கப்படும். லினக்ஸ் அதைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, எழுத எழுத நினைவகம் தீர்ந்ததும் நிரலையே கொன்றுவிடக்கூடும். ஆகவே உள்ளீட்டைப் படிக்கும் இடத்திலேயே அகலத்துக்கும் உயரத்துக்கும் உச்சவரம்பு எழுதுங்கள். அந்த வரம்பு எவ்வளவு என்பது உங்கள் பயன்பாட்டுக்குத்தான் தெரியும், கம்பைலருக்குத் தெரியாது. பெருக்கலைச் சரிபார்க்க ஜிசிசி 5 முதல் உள்ளமைந்த வசதி உண்டு. சி மொழியின் சி23 தரத்திலும் அதற்கான ஏற்பாடு இருக்கிறது. எண்ணிக்கையையும் ஒன்றின் அளவையும் தனித்தனியே வாங்கி நினைவகம் ஒதுக்கும் காலாக், தன் இரண்டு வாதங்களின் பெருக்கலைச் சோதிக்கும் என்பது மெய்தான்; ஆனால் அகலத்தையும் உயரத்தையும் 32 பிட்டிலேயே பெருக்கி அதன் முதல் வாதமாகக் கொடுக்கும் வரிகளை, காலாக்குக்கு மாறிய நிரல்களிலும் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.