நான்கு பங்கு நல்லெண்ணெய்

மளிகைக் கடையில் நல்லெண்ணெய் மாதிரி எடுக்க வரும் உணவுப் பாதுகாப்பு அலுவலர் அதைச் சும்மா தூக்கிக்கொண்டு போக முடியாது. காசு கொடுத்து வாங்க வேண்டும். பகுப்பாய்வுக்குத்தான் எடுக்கிறேன் என்று கடைக்காரருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். பிறகு எண்ணெயை நான்கு பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மூடி முத்திரை வைக்கிறார். ஒரு பங்கு அரசின் உணவுப் பகுப்பாய்வாளருக்குப் போகும். இரண்டு பங்கு மாவட்ட நியமன அலுவலரிடம் பத்திரமாக இருக்கும். நான்காவதை, கடைக்காரர் கேட்டால், அங்கீகாரம் பெற்ற வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006, பிரிவு 47 சொல்லும் நடைமுறை இது. இதில் ஏதாவது ஒரு படி தவறியதா என்பதுதான் கலப்படம் செய்தவர் தப்பிக்கத் தேடும் முதல் ஓட்டை.

புட்டியில் ‘நல்லெண்ணெய்’ என்று அச்சடித்திருக்கிறது. உள்ளே இருப்பது அதுதானா? மாதிரி கைக்கு வந்த 14 நாளில் பகுப்பாய்வாளர் பதில் சொல்ல வேண்டும்.

எள்ளெண்ணெய்க்கென்றே ஒரு பழைய சோதனை உண்டு. எண்ணெயோடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சில துளி ஃபர்ஃப்யூரலையும் சேர்த்துக் குலுக்கி வைத்தால், அடியில் தங்கும் அமிலம் ரோஜாச் சிவப்பாக மாறும். போதுவான் (Baudouin) சோதனை என்று பெயர். எள்ளில் இருக்கும் செசமோலின் என்ற பொருள் அமிலத்தில் உடைந்து செசமால் ஆகிறது. நிறத்தைக் கொடுப்பது அதுதான். இதை நம் நாட்டுச் சட்டம் அழகாகப் பயன்படுத்தியது. வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் எள்ளெண்ணெய் கலந்தே ஆகவேண்டும் என்று விதி செய்தார்கள். அந்த வனஸ்பதியை யாராவது நெய்யில் கலந்தால், நெய்யே சிவந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் நல்லெண்ணெய் விஷயத்தில் இந்தச் சிவப்பை நம்பி ஏமாந்துவிடக் கூடாது. எள் இருக்கிறது என்று மட்டுமே அது சொல்லும். எள்ளைத் தவிர வேறென்ன இருக்கிறது என்று சொல்லாது. முக்கால்வாசி பாமாயில் ஊற்றிய புட்டியும் சிவக்கத்தான் செய்யும்.

அதனால் அடுத்து அயோடின் எண்ணைப் பார்க்கிறார்கள். எண்ணெய் எந்த அளவுக்கு நிறைவுறாக் கொழுப்பு கொண்டது என்பதை அது காட்டும். நல்லெண்ணெய்க்கு அது 110-ஐ ஒட்டி இருக்கும். கடையில் விற்கும் பாமாயிலுக்கு (பாமோலின்) 58 அளவில். நூறு பங்கில் 30 பங்கு பாமாயில் கலந்தால் எண் 94-க்கு இறங்கி, மாட்டிக்கொள்ளும். விவரம் தெரிந்த கலப்படக்காரர் இதற்கும் வழி வைத்திருப்பார். எள் 20, பாமாயில் 30, சூரியகாந்தி 50 என்று கலந்தால், சூரியகாந்தியின் எண் 130 வாக்கில் இருப்பதால் மொத்தம் மறுபடி 104-க்கு ஏறிவிடும்.

அப்போது கைகொடுப்பது கேஸ் குரோமட்டோகிராபி. கொழுப்பு அமிலங்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் கருவி அது. பால்மிடிக் அமிலம் நல்லெண்ணெயில் சுமார் 9 சதவீதம், சூரியகாந்தியில் 6, பாமாயிலில் 40. மேலே சொன்ன கலவையைக் கணக்குப் போட்டால் 17-ஐ ஒட்டி வரும். நல்லெண்ணெயில் இருக்க வேண்டியதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஓர் எண்ணைச் சரிக்கட்டலாம், எல்லா எண்ணையும் ஒரே நேரத்தில் சரிக்கட்டுவது மிகக் கடினம். ஆய்வகம் பல சோதனைகளைச் சேர்த்தே முடிவு சொல்வதற்குக் காரணம் இதுதான்.

முடிவைப் பொறுத்து வழக்கின் பாதை பிரிகிறது. தரம் குறைந்தது என்றால் 5 லட்சம் ரூபாய் வரை, தப்புக்குறியீடு (பொட்டலத்தில் தவறான விவரம் அச்சிட்டது) என்றால் 3 லட்சம் வரை அபராதம். தமிழ்நாட்டில் இவற்றை விசாரிப்பவர் மாவட்ட வருவாய் அலுவலர். அறிக்கையை ஏற்காத வியாபாரி 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பத்திரமாக வைத்த பங்குகளில் ஒன்று மேல் ஆய்வகத்துக்குப் போவது அப்போதுதான்.

‘பாதுகாப்பற்றது’ என்று வந்தால் குற்றவியல் நீதிமன்றம். உயிர் போயிருந்தால் ஆயுள் தண்டனை வரை சட்டம் இடம் தருகிறது. 1998-இல் தில்லியில் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதையின் எண்ணெய் கலந்திருந்தது. அதிலுள்ள சாங்குவினாரின் என்ற நச்சு நுண் இரத்தக் குழாய்களைக் கசிய வைக்கும். கால் வீங்கும், மூச்சு திணறும், இதயம் தளரும். அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீட்டில் தாளித்த குழம்பைச் சாப்பிட்டதைத் தவிர அவர்கள் வேறெதுவும் செய்யவில்லை. அதன்பிறகே எண்ணெயைப் பொட்டலமிட்டுத்தான் விற்க வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்தது.

இரண்டு எண்ணெய்களைக் கலப்பது தன்னளவில் குற்றமில்லை. ஒவ்வொன்றும் 20 சதவீதத்துக்குக் குறையாமல், பெயரும் அளவும் பொட்டலத்தில் தெரியும்படி அச்சிட்டு விற்கலாம். மறைத்தால்தான் வழக்கு. எனக்குக் கோபம் வருவது தீப எண்ணெய் புட்டிகளைப் பார்க்கும்போது. நல்லெண்ணெயின் அதே நிறம், அதே வடிவப் புட்டி, சமையல் எண்ணெய்க்குப் பக்கத்திலேயே அடுக்கு. ‘விளக்கேற்ற மட்டும்’ என்ற வரி எறும்பு அளவில் இருக்கும். விளக்குக்கு என்று எழுதிவிட்டால் உணவுக்கான தர அளவுகள் அதற்குப் பொருந்தாது. விலை குறைவு என்று அதை வாங்கித் தோசைக்கல்லில் ஊற்றுபவர்களுக்கு இது தெரியாது.

சந்தேகம் வந்தால் அலுவலர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாங்கிய எண்ணெயைக் கட்டணம் கட்டிப் பகுப்பாய்வாளரிடம் நாமே கொடுக்கலாம். பிரிவு 40 அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் வாங்கும்போதே, “இதைச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்” என்று கடைக்காரரிடம் சொல்லியாக வேண்டும். எண்ணெய் விதிப்படி இல்லையென்று அறிக்கை வந்தால், கட்டிய கட்டணத்தைத் திரும்பப் பெறலாம்.