அங்க்: எகிப்தின் வாழ்வுக்குறி

துட்டன்காமன் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த கல்லறை அந்த இளம் அரசனுடையது. பெயரைப் பிரித்தால் துட் – அங்க் – ஆமன்; ‘ஆமன் தெய்வத்தின் உயிருள்ள உருவம்’ என்று பொருள். நடுவில் நிற்கும் அந்த ‘அங்க்’தான் இன்று வெள்ளியிலும் எஃகிலும் பதக்கமாகப் பலர் கழுத்தில் தொங்குகிறது. கீழே ஒரு தண்டு, குறுக்கே இரண்டு கைகள், தலையில் நீள்வட்டமாக ஒரு கண்ணி. அவ்வளவுதான் வடிவம்.

முதலில் ஒலிப்பு. பழைய எகிப்திய எழுத்தில் உயிரொலிகளை எழுதுவதில்லை. இந்த ஒரே குறி மூன்று மெய்யொலிகளைத் தாங்கி நிற்கிறது: அரபியில் உள்ள ‘ஐன்’ போல அடித்தொண்டையில் பிறக்கும் ஓர் ஒலி, அடுத்து ன், கடைசியில் தொண்டையை உரசி வரும் ஒரு ககரம். எகிப்திய மொழியின் கடைசி வடிவமான காப்டிக்கில் இதே சொல் ஏறத்தாழ ‘ஓன்ஹ்’ என்று ஒலித்தது. ஆக, ‘அங்க்’ என்பது பிற்காலத்தார் வசதிக்காக அமைத்துக்கொண்ட ஒலிப்பு. தமிழில் சிலர் ‘ஆங்க்’ என்றும் ‘அன்க்’ என்றும் எழுதுகிறார்கள். தமிழில் ககரத்துக்கு முன் ஙகரம் வருவதே இயல்பு என்பதால் ‘அங்க்’ போதும். ஓசை ஒத்துப்போகிறதே என்று இதை ‘அங்கம்’ என்ற சொல்லோடு முடிச்சுப்போட வேண்டாம். எகிப்திய மொழி ஆப்ரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டு சொற்களுக்கும் உறவு இல்லை.

பொருள் தெளிவானது. வினையாக வந்தால் ‘வாழ்’, பெயராக வந்தால் ‘வாழ்வு’. ஒரே ஆணையை எகிப்திய மொழியிலும் கிரேக்கத்திலும் பொறித்த கி.மு. 196ஆம் ஆண்டின் ரொசெட்டா கல்லில், அரசன் பெயரைச் சுற்றி வரையும் வளையத்துக்குள் தாலமியின் பெயரோடு ‘என்றும் வாழ்பவன், ப்தாஹ் தெய்வத்தின் அன்புக்குரியவன்’ என்ற அடைமொழி வருகிறது. அதில் ‘வாழ்பவன்’ என்ற இடத்தில் இருப்பது இந்தக் குறி. அதே கல்லில் கிரேக்க மொழிபெயர்ப்பும் இருப்பதால் பொருளில் ஐயத்துக்கு இடமில்லை.

ஆனால் இந்தச் சொல் எங்கெல்லாம் போய் ஒட்டிக்கொண்டது என்று பார்க்கும்போதுதான் எகிப்தியர் மனம் நமக்குப் பிடிபடுகிறது. அரசன் பெயரைச் சொன்னதும் ‘அங்க், உஜா, செனெப்’ என்று சேர்த்து எழுதுவார்கள். வாழ்வு, வளம், உடல்நலம் என்ற வாழ்த்து. கோயிலை ஒட்டி எழுத்தர்கள் சுவடிகளைப் படியெடுத்த இடத்துக்குப் ‘பெர் அங்க்’ என்று பெயர், ‘வாழ்வின் வீடு’. சிற்பியை ‘ச-அங்க்’ என்றார்கள், அதாவது வாழச் செய்பவன். பிணத்தை வைக்கும் கல்பேழைக்கு ‘நெப் அங்க்’, வாழ்வின் தலைவன்! சத்தியம் செய்வதற்கும் ‘அங்க்’ என்றே சொன்னார்கள், நம் ஊரில் உயிர்மேல் ஆணையிடுவது போல. முகம் பார்க்கும் கண்ணாடிக்கும் அதே பெயர். துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த, முகக்கண்ணாடி வைக்கும் பெட்டி ஒன்று அங்க் வடிவத்திலேயே செய்யப்பட்டது. பெயரையும் பொருளையும் ஒன்றாக்கிய அந்தக் கைவினைஞரின் நயம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

வடிவம் எதிலிருந்து வந்தது? எகிப்தியலாளர் ஆலன் கார்டினர் இதைச் செருப்பு வார் என்று கருதினார். மேலே உள்ள கண்ணி கணுக்காலைச் சுற்றும். தண்டு விரல்களுக்கிடையே இறங்கும். செருப்பு வாருக்கான எகிப்தியச் சொல்லிலும் இதே மூன்று மெய்கள்தான். எனவே வாரின் படத்தை வரைந்து, அதே ஒலியுள்ள ‘வாழ்வு’ என்ற சொல்லை எழுதினார்கள் என்பது அவர் விளக்கம். முடிச்சிட்ட துணி என்பவர்களும் உண்டு, காளையின் முதுகெலும்புத் துண்டு என்பவர்களும் உண்டு. ஆண் பெண் உறுப்புகளின் சேர்க்கை, அடிவானத்தில் எழும் சூரியன் என்ற விளக்கங்கள் இணையத்தில் நிறையச் சுற்றுகின்றன. கேட்க அழகாக இருந்தாலும் எகிப்திய ஆதாரம் இல்லை.

இனி, அணிவதைப் பற்றி. கோயில் சுவர்களில் அங்க் பெரும்பாலும் கையில்தான் இருக்கிறது, அதுவும் தெய்வத்தின் கையில். கண்ணியைப் பிடித்தபடி தெய்வம் அதை அரசனின் மூக்கருகே நீட்டும். மூச்சாக உள்ளே போகட்டும் என்பதற்காக. ஆகனாத்தன் என்ற அரசன் காலத்துச் சிற்பங்களில் சூரிய வட்டிலிருந்து இறங்கும் கதிர்கள் சின்னச் சின்னக் கைகளாக முடிந்து, அரசன் அரசியின் மூக்கில் அங்க் வைக்கும். வேறு காட்சிகளில் இரண்டு தெய்வங்கள் குடத்திலிருந்து அரசன் மேல் ஊற்றும் நீரே அங்க் சரமாக வழியும். வாழ்வு என்பது தெய்வம் தருவது, மனிதன் பெறுவது. தாயத்தாக அணிந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் ஹோரஸ் தெய்வத்தின் கண், வண்டு போன்ற தாயத்துகள் குவியல் குவியலாகக் கிடைக்க, அங்க் தாயத்துகள் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. எனவே இன்று கடையில் ‘எகிப்தியர் எல்லோரும் அணிந்த சின்னம்’ என்று சொல்லி விற்றால் அது சரியல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பழைய மதம் மறைந்தபோதும் குறி மறையவில்லை. கி.பி. 391 வாக்கில் அலெக்ஸாந்திரியாவின் செராபிஸ் கோயிலை இடித்தபோது கற்களில் சிலுவை போன்ற குறிகள் வெளிப்பட்டன என்றும், அந்த எழுத்தை அறிந்தவர்கள் அதற்கு ‘வரவிருக்கும் வாழ்வு’ என்று பொருள் சொன்னார்கள் என்றும் திருச்சபை வரலாற்றாசிரியர் சாக்ரட்டீஸ் ஸ்கொலாஸ்டிகஸ் எழுதியிருக்கிறார். எகிப்தியக் கிறித்தவர்கள் அதைத் தங்கள் சிலுவையின் ஒரு வடிவமாக ஏற்றுத் துணியிலும் சுவடியிலும் கல்லிலும் இட்டார்கள்.

நம் காலத்தில் 1960களின் மாற்றுப் பண்பாட்டு இளைஞர்கள் இதை மாட்டிக்கொண்டார்கள். கறுப்பின அமெரிக்கர்களுக்கு இது வெறும் நகை அல்ல. அடிமைக் கப்பல் அறுத்துவிட்ட ஆப்பிரிக்கத் தொடர்பை மீண்டும் கழுத்தில் ஏற்றிக்கொள்வது. பாடகி எரிக்கா பாடு 1990களில் அணிந்து மேடையேறியது பலருக்கு நினைவிருக்கும். கருப்பு உடையும் இருண்ட இசையும் விரும்பும் ‘காத்’ (Goth) கூட்டத்தாருக்கு வந்த வழி வேறு: 1983இல் வெளியான, இரத்தம் குடிக்கும் வாம்பயர்களைப் பற்றிய ஒரு படத்தில் அங்க் பதக்கத்துக்குள் கத்தி ஒளிந்திருந்தது. இந்த வழியாலும் சிலர் இதைச் சாவின் சின்னம், பேய்ச் சின்னம் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. கல்லறைகளில் இது நிறைய இருப்பதற்குக் காரணம், இறந்தவருக்கும் வாழ்வு வேண்டும் என்று அவர்கள் விரும்பியதுதான்.

தமிழில் என்ன சொல்வது? ‘எகிப்தியச் சிலுவை’ வேண்டாம். சிலுவை கிறித்தவச் சின்னமாவதற்கு ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகள் முன்பே, எகிப்தின் முதல் அரச வம்சக் காலத்திலேயே, இந்தக் குறி இருக்கிறது. ‘கைப்பிடிச் சிலுவை’ என்பது லத்தீன் பெயரின் நேர் பெயர்ப்பு, அதே குறைதான். ‘உயிரின் திறவுகோல்’, ‘நைல் திறவுகோல்’ எல்லாம் பிற்காலத்தார் வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர்கள். எகிப்தியர் இதைச் சாவியாக எண்ணவில்லை. ‘உயிர்க்குறி’ நல்ல சொல்தான், ஆனால் தமிழில் அது உயிரெழுத்தின் குறியீட்டுக்கு வழங்குகிறது; மெய்யொலிகளை மட்டும் தாங்கும் ஒரு குறிக்கு அந்தப் பெயர் குழப்பம் தரும். எனவே நான் ‘வாழ்வுக்குறி’ என்பதையே பரிந்துரைப்பேன். கட்டுரையில் முதல்முறை வரும்போது ‘அங்க் எனும் வாழ்வுக்குறி’ என்றும், பிறகு இரண்டில் ஒன்றை மட்டும் எழுதலாம். நகையைச் சொல்லும்போது ‘அங்க் பதக்கம்’. கடையில் கேட்பதானால் ‘அங்க் டாலர்’ என்றாலே எடுத்துக் காட்டுவார்கள்.