25ஆம் போர்ட்டை மூடிவிட்டு மெயில் வரவில்லை என்கிறீர்களே!

இந்த மாதமும் அதே அழைப்பு வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சின்ன கார்கோ அலுவலகம். "அண்ணே, மெயில் எல்லாம் போகுது. ஆபீஸுக்குள்ள அனுப்பிக்கிறோம், அதுவும் சரியா இருக்கு. வெளியிலிருந்து மட்டும் ஒன்னும் வரல. சிங்கப்பூர் கஸ்டமர் அனுப்பிட்டேன்னு சத்தியம் பண்றார்." உள்ளே போய்ப் பார்த்தால் ஃபயர்வாலில் 25ஆம் போர்ட், அதாவது சர்வரின் 25ஆம் எண் வாசல், மூடிக் கிடக்கிறது. 25 ஆபத்து, 587தான் பாதுகாப்பு என்று யாரோ ஒரு தம்பி எங்கோ படித்துவிட்டு, அதை மூடி இதைத் திறந்துவைத்திருக்கிறார். கோலாலம்பூரில் எத்தனை அலுவலகங்களில் இதையே சொல்லிவிட்டேன்! இனிமேல் கேட்பவர்களுக்கு இந்தப் பக்கத்தை அனுப்பிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

25 என்பது சர்வரும் சர்வரும் பேசிக்கொள்ளும் வழி. ஜிமெயில் உங்கள் டொமைனுக்கு ஒரு மெயில் கொடுக்க வேண்டுமென்றால் டி.என்.எஸ். என்ற இணைய முகவரிப் புத்தகத்தில், உங்கள் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்.எக்ஸ் பதிவைப் பார்க்கும். அந்தப் பதிவில் சர்வரின் பெயரும் முன்னுரிமை எண்ணும் இருக்கும், அவ்வளவுதான். போர்ட் எண் எழுத அதில் இடமே கிடையாது. அதனால் அது நேராக 25இல் வந்து தட்டும். திறக்கவில்லையா, சரி, 587இல் முயன்று பார்ப்போம் என்று எந்த சர்வரும் போகாது. அப்படியே வந்தாலும் 587 பாஸ்வேர்டு கேட்கும். உங்கள் கம்பெனி பாஸ்வேர்டு ஜிமெயிலிடம் எப்படி இருக்கும்? இன்னும் சிலர், 25ஐ 2525 என்று மாற்றிவிட்டால் ஸ்பேம் வராது என்கிறார்கள். உண்மைதான், ஸ்பேம் வராது. வேறு எதுவும் வராது.

இந்தத் தவறு உடனே கண்ணில் படாததுதான் கொடுமை. அனுப்பும் சர்வர் மெயிலைத் தூக்கி எறிந்துவிடாமல் வரிசையில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள் வழக்கமாக 5 நாள் வரை முயன்றுவிட்டுத்தான் திருப்பி அனுப்பும். அதுவரை எல்லாரும் "இன்னும் வரலையே" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கார்கோ அலுவலகத்தில் 25ஐத் திறந்த பிறகு, தேங்கி நின்றவை ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. ஒரு விலைக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் கெடு முடிந்திருந்தது.

587உம் 465உம் உங்கள் ஆட்களுக்கானவை. அவுட்லுக்கிலிருந்தும் கைப்பேசியிலிருந்தும் பாஸ்வேர்டு கொடுத்து மெயில் அனுப்புவது இவற்றின் வழியே. 587இல் பேச்சு சாதாரணமாகத் தொடங்கிப் பிறகு ஸ்டார்ட் டி.எல்.எஸ். என்ற கட்டளையால் டி.எல்.எஸ். மறையாக்கத்துக்கு மாறும். 465இல் முதல் எழுத்திலிருந்தே டி.எல்.எஸ். "465 காலாவதியாகிவிட்டது" என்று சொல்லும் பழைய கட்டுரைகள் இன்னும் சுற்றுகின்றன. 465ஐயே பரிந்துரைத்து 2018இல் வந்த இணையத் தர ஆவணம் ஆர்.எஃப்.சி. 8314ஐப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

சரி, 25ஐத் திறந்தே வைக்கிறோம். திறந்து வைப்பது வேறு, திறந்து போடுவது வேறு. உங்கள் வாசல் தபால் பெட்டியில் யார் வேண்டுமானாலும் உங்களுக்குக் கடிதம் போடலாம். அதே பெட்டியில் ஊரார் கடிதங்களையும் போட, நீங்கள் உங்கள் பெயரில் ஸ்டாம்பு ஒட்டி அனுப்பிவைத்தால் அதுதான் ஓப்பன் ரிலே. ஓர் இரவு போதும், உங்கள் ஐ.பி. முகவரி கறுப்புப் பட்டியலில் ஏறிவிடும். ஏறுவது எளிது, இறங்குவதற்குள் உயிர் போய்விடும்.

இது பெரும்பாலும் ஹேக்கரால் நடப்பதில்லை, ஜெராக்ஸ் மெஷினால் நடக்கிறது. பழைய மெஷினுக்கு டி.எல்.எஸ். தெரியாது, ஸ்கேன் செய்தது மெயிலில் போகவில்லை, பாஸ் கத்துகிறார். உடனே பாஸ்வேர்டு இல்லாமலே யாரை நம்பலாம் என்று போஸ்ட்ஃபிக்ஸுக்குச் சொல்லும் மைநெட்வொர்க்ஸ் வரியில் அகலமாக ஒரு நெட்வொர்க்கை எழுதிவிடுகிறார்கள். ஒரு டாக்கர் கண்டெய்னரில் 0.0.0.0/0, அதாவது உலகத்திலுள்ள எல்லா முகவரியும், என்றே எழுதியிருந்ததையும் பார்த்திருக்கிறேன்! மெஷினின் ஒற்றை முகவரியை மட்டும் எழுதுங்கள். முடிந்தால் அதற்குத் தனிக் கணக்கு கொடுத்து 587 வழியே அனுப்பச் செய்யுங்கள்.

மெயில் சர்வரை டாக்கரில், அதாவது மென்பொருளைத் தனித்தனி கண்டெய்னர்களில் அடைத்து, ஓட்டுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சில அமைப்புகளில் வெளியிலிருந்து வரும் இணைப்புகூட டாக்கரின் உள் முகவரியான 172.17.0.1இலிருந்து வருவதுபோலத் தெரியும். அந்த வரம்பை நம்பகமானது என்று எழுதியிருந்தால் உலகமே உங்கள் ஆபீஸ் ஆள் ஆகிவிடும். டாக்கர் திறந்துவிடும் போர்ட்டை லினக்ஸ் ஃபயர்வாலான யு.எஃப்.டபிள்யு. தடுக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

25இல் பாஸ்வேர்டு வாங்கும் வசதியை அணைத்துவிடுங்கள், பாஸ்வேர்டை ஊகிக்கும் தானியங்கி புரோகிராம்களுக்கு அங்கே வேலையே இருக்காது. ஆனால் 25இல் டி.எல்.எஸ்ஸைக் கட்டாயமாக்காதீர்கள். வாய்ப்பு இருந்தால் பயன்படுத்து என்ற அளவில் விடுங்கள். மெயில் படிக்க 993, பாப் என்ற பழைய முறையை விடாத பிடிவாதக்காரர்களுக்கு 995 போதும். இவற்றின் பழைய வாசல்களான 110ஐயும் 143ஐயும் மூடலாம், அழ மாட்டேன். நிர்வாகப் பேனலும் டேட்டாபேஸ் போர்ட்டும் வி.பி.என்னுக்குள் இருக்கட்டும், தயவுசெய்து.

சோதிக்கும்போது ஒன்று. வீட்டிலிருந்து டெல்நெட்டில் 25ஐத் தட்டிப் பார்த்துவிட்டு "மூடியிருக்கு" என்று எனக்கு அழைக்காதீர்கள். வீட்டு இணைப்புகளில் வெளியே போகும் 25ஐ நிறுவனமே தடுத்து வைத்திருப்பது வழக்கம், பல கிளவுட் நிறுவனங்களும் அப்படித்தான். ஜிமெயிலிலிருந்து ஒரு மெயில் அனுப்பிவிட்டு சர்வரின் லாக்கைப் பாருங்கள். ரிலே சோதனையை 25 திறந்திருக்கும் வெளி இடத்திலிருந்து செய்யுங்கள். பாஸ்வேர்டு இல்லாமல் வேறொரு டொமைனுக்கு அனுப்ப முயன்றால் 454 அல்லது 554 போன்ற மறுப்பு எண் வர வேண்டும். ஏற்றுக்கொண்டேன் என்று பொருள்படும் 250 வந்தால் முதலில் சேவையை நிறுத்துங்கள், பிறகு என்னை அழையுங்கள்.

கிளவுட் பக்க ஃபயர்வால், சர்வருக்குள்ளே ஓடும் ஃபயர்வால் இரண்டையும் பாருங்கள். ஐ.பி.வி.4இல் கவனமாக எல்லாவற்றையும் அடைத்துவிட்டு ஐ.பி.வி.6ஐ அப்படியே விட்டுவிடுபவர்கள் நிறைய. அப்புறம், வெள்ளிக்கிழமை மாலையில் எதையும் மாற்றாதீர்கள்.