கண்ணாடி ரப்பருக்கு மண்ணெண்ணெய் ஏன் ஆகாது

எங்கள் வீட்டு அம்பாசடரில் ஐப்பசி மழை பிடித்தால் ஓட்டுகிறவர் காலடி மேட் ஊறி நாற ஆரம்பிக்கும். முன் கண்ணாடியைச் சுற்றி ஓடும் ரப்பர் மேல் மூலைகளில் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டபோது மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் சுற்றிலும் துடைத்துக் கொடுத்தார்கள். ரப்பர் கன்னங்கரேலென்று, தொட்டால் மெத்தென்று, புதுசு போலவே ஆகிவிட்டது. ஒரே மாதத்தில் அது முன்னைவிட இறுகி, சுருங்கி, மூலையில் கண்ணாடியை விட்டே விலகி நின்றது. ஏன் அப்படி ஆனது என்று தேடப்போய்த்தான் இதையெல்லாம் தெரிந்துகொண்டேன்.

ரப்பர் என்பது மிக நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளின் குவியல். இடியாப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இழுத்தால் இழைகள் வழுக்கிக்கொண்டு பிரிந்துவிடும், திரும்பச் சேராது. ஆனால் அங்கங்கே இரண்டு இழையைச் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டால், இழுத்தாலும் விட்டதும் பழைய இடத்துக்கு வந்துவிடும். 1839-இல் சார்லஸ் குட்இயர் கந்தகத்தோடு ரப்பரைச் சூடாக்கியபோது நடந்தது இந்த முடிச்சுதான். முடிச்சு அளவாக இருந்தால் ரப்பர், அளவுக்கு மீறினால் கட்டை. வண்டி வருஷக்கணக்கில் வெயிலில் நிற்கும்போது வெப்பமும் ஆக்சிஜனும் சேர்ந்து புதுப்புது முடிச்சுகளைப் போட்டுக்கொண்டே இருக்கின்றன, கூடவே ரப்பரை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெயும் மெல்ல மெல்ல வெளியேறுகிறது. இறுக்கம் வருவது அப்படித்தான்.

வெடிப்பு வேறு கதை. இயற்கை ரப்பரின் சங்கிலி முழுவதும் இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன, ஓசோன் அதைத் தேடித் தேடி அறுக்கும். காற்றில் பத்துக் கோடிக்கு நான்கைந்து பங்கு ஓசோன் இருந்தாலே போதும். ஆனால் ரப்பர் கொஞ்சமாவது இழுபட்டு நின்றால்தான் அறுந்த இடம் வாய் பிளந்து ஆழமாகும். ஒரு ரப்பர் பேண்டை ஆணியில் இழுத்து மாட்டி மொட்டைமாடியில் விட்டுப் பாருங்கள், இழுத்த திசைக்குக் குறுக்காக வரிவரியாக வெடிக்கும். கண்ணாடி ரப்பர் எப்போதும் மூலையில் முதலில் போவதற்கும் இதுதான் காரணம், வளைவின் வெளிப்பக்கம் இழுபட்டே இருக்கிறது. இன்றைய கார்களின் கதவு பீடிங், அதாவது கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை, பெரும்பாலும் இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். அதில் இரட்டைப் பிணைப்பு சங்கிலியின் முதுகெலும்பில் இல்லை, பக்கத்தில் தொங்கும் கிளையில்தான் இருக்கிறது. ஓசோன் அதை அறுத்தாலும் சங்கிலி முறியாது.

சரி, மண்ணெண்ணெய்க்கு வருவோம். இயற்கை ரப்பரும் சரி, இபிடிஎம்மும் சரி, இரண்டுமே ஹைட்ரோகார்பன்கள், அதாவது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் சேர்ந்தவை. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், வாசலின் எல்லாமும் அதே இனம். இனம் இனத்தோடு சேரும், எண்ணெய் உள்ளே புகுந்து சங்கிலிகளை விலக்க, ரப்பர் ஊதி மெத்தென்று ஆகிறது. பிறகு மண்ணெண்ணெய் ஆவியாகும்போது உள்ளே மிச்சமிருந்த பழைய எண்ணெயும் அதோடு கரைந்து வெளியே வந்துவிடுகிறது. நாங்கள் பார்த்த அந்தப் புதுப்பொலிவு வெறும் வீக்கம்தான்.

அப்படியானால் எதைப் போடுவது? முதலில் வெறும் சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கியும். பீடிங்கின் உதட்டை விரலால் மடித்துப் பார்த்தால் உள்ளே நைஸான மண் கோடு போல ஒட்டியிருக்கும். கண்ணாடியில் கீறல் விழுவது இந்த மண்ணால்தான், அதனால் அவசரப்படாமல் முழுவதும் எடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் சிலிக்கோன் ஸ்பிரேயைத் துணியில் அடித்து மெல்லிசாகத் தடவலாம், அது இந்த ரப்பருக்குள் புகுந்து ஊத வைக்காது. கிளிசரினும் அப்படியே. சீக்கிரத்தில் பெயிண்ட் அடிக்கப்போகும் வண்டி என்றால் மட்டும் சிலிக்கோன் பக்கமே போகாதீர்கள், புதுப் பெயிண்ட் குழிகுழியாக விலகும். கண்ணாடி ஏறி இறங்கும் சேனலுக்குள் வெல்வெட் மாதிரி பூப்போன்ற இழை இருந்தால் அதில் எண்ணெய் எதுவும் வேண்டாம், புழுதி அப்பிக்கொள்ளும். கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளையும் ஒரு குச்சியால் குத்திவிடுங்கள், ஏனென்றால் கண்ணாடியோரமாகக் கொஞ்சம் தண்ணீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு, அது வெளியே போக வழியில்லாவிட்டால்தான் துரு.

அமுங்கிச் சப்பையான கதவு பீடிங்கை ஹேர் டிரையரால் இதமாகச் சூடாக்கினால் ஓரளவு எழும்பும். முழுக்க எழும்பாது, அமுங்கிய நிலையிலேயே விழுந்த முடிச்சுகளை யாராலும் அவிழ்க்க முடியாது. எழும்பியது போதுமா என்று பார்க்க, ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவை மூடி இழுங்கள், தடையில்லாமல் வந்தால் மழையும் அப்படியே வரும். நகத்தால் அழுத்தினால் குழி விழாத ரப்பருக்கு எதைத் தடவினாலும் பலனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

எங்கள் அம்பாசடருக்கும் அப்படித்தான் மாற்றினோம். புது ரப்பரைக் கண்ணாடியில் சுற்றி, அதன் வெளிப்பள்ளத்தில் ஒரு நைலான் கயிற்றைப் பதித்து, சோப்புத் தண்ணீர் தடவி வெளியிலிருந்து ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே உட்கார்ந்து நான் கயிற்றை இழுக்க இழுக்க ரப்பரின் உதடு தகரத்தைத் தாண்டி உள்ளே விழுந்துகொண்டே வந்தது. கடைசி மூலைக்கு மட்டும் இரண்டு தடவை கழற்றி மாட்ட வேண்டியிருந்தது.