பாராட்டுவதுபோல் கண்டிக்கும் எழுத்து: எங்கே கடிக்கிறது, எங்கே பிசகுகிறது

சென்னையில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் மாநகராட்சியையும் அரசையும் கிண்டல் செய்யும் பதிவுகள் வாட்ஸ்அப் குழுக்களில் குவியும். பெரும்பாலானவற்றை மறுநாள் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. வசை இருக்கும், ஊதிப் பெருக்கியது இருக்கும், போய்ப் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய தகவல் ஒன்றுகூட இருக்காது. நையாண்டிப் பத்திகளைத் திருத்தும் மேசையில் முதலில் தேடுவது அந்தத் தகவலைத்தான். சிரிப்பு அதற்கு அப்புறம்.

தொல்காப்பியம் அங்கதத்தை, அதாவது நையாண்டியை, இரண்டாகப் பிரிக்கிறது. நேராகவே வைவது செம்பொருள் அங்கதம். பழியை மறைத்து, வேறு சொல்லில் சொல்வது பழிகரப்பு. இரண்டாவதற்குப் புறநானூற்றின் 95ஆம் பாட்டைவிட நல்ல பாடம் கிடையாது. அதியமானின் தூதாகப் போன ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவலுள்ள பெரிய மனையில் இருக்கின்றன, அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவை. வசைச்சொல் ஒன்றுகூட இல்லை. பீலி, மாலை, நெய் எல்லாம் எதிரில் இருப்பவை, மறுக்க வழியில்லை. இந்த ஆயுதங்கள் போரையே பார்க்காதவை என்ற முடிவுக்குக் கேட்பவனே வந்து சேரவேண்டும். தானே வந்து சேர்ந்த முடிவை அவ்வளவு லேசில் உதறிவிட முடியாது.

நம் தெருக்களுக்கு வருவோம். பழைய தார்ப்படலத்தைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதிதாகப் போட்டுப் போட்டு, பல தெருக்களில் வீடுகள் சாலை மட்டத்துக்குக் கீழே போய்விட்டன. இதைப்பற்றி ஒரு குடியிருப்புவாசியின் நன்றிக் கடிதமாக ஒரு பத்தி:

"எங்கள் தெருவுக்கு மறுபடியும் புதுச் சாலை போட்டுத் தந்தமைக்கு நன்றி. முன்பெல்லாம் மூன்று படி ஏறித்தான் வீட்டுக்குள் போகவேண்டும். மூட்டுவலிக்காரர்களுக்குப் பெரிய சிரமம். இப்போது இரண்டு படி இறங்கினால் போதும். மழைத்தண்ணீருக்கும் அதே வசதி செய்து தந்திருக்கிறீர்கள்."

பேசுகிறவர் அப்பாவி, நன்றியுள்ளவர். மூன்று படி, இரண்டு படி என்பது எண்ணிப் பார்க்கக்கூடிய கணக்கு. கடைசி வரியில் மட்டும் முகமூடி லேசாக விலகுகிறது. அதோடு நிறுத்திவிட வேண்டும். புதிதாக எழுத வருபவர்கள் பலரும் "இதுதான் உங்கள் ஆட்சியின் லட்சணமா?" என்று இன்னொரு வரி சேர்ப்பார்கள். அந்த வரியில் கடிதக்காரர் காணாமல்போய் எழுத்தாளர் மேடையேறிவிடுகிறார். வாசகருக்குக் கண்டுபிடிக்க எதுவும் மிச்சமில்லை. "தெருவைப் பத்தடி உயர்த்திவிட்டீர்கள்" என்று ஊதினாலும் கெடும். பத்தடி என்பது பொய் என்று ஒரே வரியில் அதிகாரி தப்பிவிடுவார். உண்மையான அளவே போதிய அபத்தம். எழுதுமுன் அளவுநாடாவோடு போய்ப் படிகளை எண்ணுவதும், சாலை கடைசியாக எப்போது போடப்பட்டது, சுரண்டுவதற்கென்று ஒப்பந்தத்தில் தொகை இருந்ததா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) கேட்டு வாங்கி வைப்பதும் இந்த எழுத்தின் பாதி வேலை.

முகமூடி எவ்வளவு விலகவேண்டும் என்பதுதான் கஷ்டமான இடம். 1702இல் லண்டனில் டேனியல் டீஃபோ, அரசு திருச்சபையோடு ஒத்துப்போகாதவர்களை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று வெறியர் குரலிலேயே ஒரு சிறுநூல் எழுதினார், பெயர் போடாமல். குரல் அத்தனை கச்சிதம்: வெறியர்கள் மெய்யென்று பாராட்டினார்கள், மற்றவர்கள் பயந்தார்கள். எழுதியது யார் என்று தெரிந்ததும் கைதானார். 1703இல் பொது இடத்தில் தண்டனைக் கட்டையில் நிறுத்தப்பட்டார். நையாண்டியை மெய்யென்றே நம்பவைத்துவிடும் இந்த ஓட்டையை 1729இல் ஜோனதன் ஸ்விஃப்ட் அடைத்தார். அயர்லாந்தின் ஏழைக் குழந்தைகளை ஒரு வயதில் உணவுக்கு விற்கலாம், 1,20,000 பேரில் 20,000 பேரை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொண்டு மீதியை விற்கலாம் என்று திட்ட நிபுணர் குரலில் கணக்குப் போடுகிறார். முடிவுக்குச் சற்று முன்னால், வேறு வழிகளைப் பற்றி என்னிடம் யாரும் பேசவேண்டாம் என்று ஒரு பட்டியல் தருகிறார்: வெளியூரில் குடியிருக்கும் நிலப்பிரபுக்களுக்கு வரி, உள்நாட்டுத் துணி, குத்தகைதாரர்மேல் இரக்கம். அவருக்கு உண்மையில் வேண்டியவை அவைதான். நிஜ நிலைப்பாடு எந்த வரியில் இருக்கிறது என்று எழுதியவரைக் கேளுங்கள். விரல் வைத்துக் காட்ட முடியாத பிரதி அச்சுக்குப் போகக்கூடாது.

இன்றைக்கு இது இன்னும் அவசரம். தலைப்பும் 'நையாண்டி' என்ற குறிப்பும் கழன்றுபோய், நடுப்பத்தி மட்டும் ஸ்கிரீன்ஷாட்டாகச் சுற்றும். அரசாணை வடிவில் எழுதுவதுதான் மிக ஆபத்து. ஏரி திறப்பு, தேர்வு, ரேஷன், மருந்து பற்றி அப்படி ஒன்று பரவினால் பாவப்பட்ட ஜனங்கள்தான் அலைவார்கள். அரசு முத்திரை, அலுவலகக் கடிதத்தாள், அதிகாரியின் கையெழுத்து இவற்றை எந்த நகைச்சுவைக்காகவும் தொடாதீர்கள். 'படி இறக்கத் துறை' என்பதுபோல இல்லாத துறையின் பெயர் பத்திக்குள்ளேயே இருந்தால், துண்டாக வெட்டினாலும் அடையாளம் போகாது.

அடி யார்மேல் விழுகிறது என்பதையும் பார்க்கவேண்டும். தார் ஊற்றுகிற கூலியாளையோ முழங்கால் தண்ணீரில் அடைப்பு எடுக்கிற தூய்மைப் பணியாளரையோ கேலி செய்து அரசை விமர்சித்ததாக நினைத்துக்கொள்வது அநியாயம். முடிவெடுத்தவர், கையெழுத்துப் போட்டவர், காசு பார்த்தவர்: இலக்கு அங்கே.

பாராட்டுவதுபோல் எழுதினால் அவதூறு வழக்கு வராது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வரும். பழைய இந்திய தண்டனைச் சட்டம் 499ஆம் பிரிவின் மூன்றாம் விளக்கமே இதற்காக எழுதப்பட்டது. 'அவர் நேர்மையானவர், அந்தக் கடிகாரத்தை அவர் திருடவே இல்லை' என்று, திருடினார் என நம்பவைக்கும் நோக்கத்தில் சொன்னால் அதுவும் அவதூறு என்கிறது அங்குள்ள எடுத்துக்காட்டு. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவிலும் இது தொடர்கிறது. அரசு ஊழியரின் பணி நடத்தை பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்துக்கு விலக்கு உண்டு. சட்டமன்ற உரிமை மீறல் தனி ஆபத்து: 1987இல் அட்டைப்பட நகைச்சுவை ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. எதிர்ப்பு வலுத்ததும் சில நாட்களில் விடுதலையானார்.

எழுதுகிறவருக்குப் பெரிய துணை 1994இல் உச்ச நீதிமன்றம் ராஜகோபால் வழக்கில், அதாவது நக்கீரன் வழக்கில், சொன்னது. அரசு தன் பெயருக்குக் களங்கம் என்று இழப்பீடு கேட்டு வழக்குப் போட முடியாது. அதிகாரி தன் பணி குறித்த எழுத்துக்காகக் கேட்டால்கூட, நியாயமான அளவு சரிபார்த்த பிறகே எழுதினேன் என்று காட்டினால் போதும். ஆகவே தேதி தெரியும் படங்கள், படிகளின் அளவு, ஆர்.டி.ஐ. பதில், பிரதியின் ஒவ்வொரு திருத்த வடிவம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். சிவில் அவதூறு வழக்குக்குக் காலவரம்பு ஓர் ஆண்டு, குற்றவியல் புகாருக்கு மூன்று ஆண்டு. கோப்பு குறைந்தது மூன்று ஆண்டு கைவசம் இருக்கவேண்டும்.