கூடலூர் நிலத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன்

சட்டம் படிக்கும் மாணவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் இரண்டு தீர்ப்புகளைப் படிக்காமல் தேர்வு எழுத முடியாது. ஒன்று, கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று பிறப்பித்த உத்தரவு. மற்றொன்று, ஐ.ஆர். கோயலோ வழக்கில் ஒன்பது நீதிபதிகள் 2007 ஜனவரி 11 அன்று வழங்கிய தீர்ப்பு. இரண்டுக்கும் வேர் நம் நீலகிரியில் இருக்கிறது. ஆனால் இங்கே நிலம் வாங்குபவர்களில் பலர் இவற்றைக் கேள்விப்பட்டதே இல்லை. அது என்னை மிகவும் வருத்துகிறது, ஏனென்றால் இழப்பவர்கள் பெரும்பாலும் வாழ்நாள் சேமிப்பைக் கொண்டுவந்தவர்கள்.

நீலகிரிக் காடுகளில் மரம் வெட்டப்படுவதைத் தடுக்கக் கேட்ட வழக்கில்தான், 'காடு' என்பதற்கு அகராதி தரும் பொருளையே கொள்ள வேண்டும், நிலம் யாருக்குச் சொந்தம் என்பது பொருட்டல்ல என்று 1996இல் நீதிமன்றம் சொன்னது. அப்படிப்பட்ட நிலத்தை மத்திய அரசின் அனுமதியின்றி வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கூடாது. 2023இல் வனப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகும், அந்த அகராதிப் பொருளையே பின்பற்ற வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் இடைக்கால உத்தரவு வந்தது. ஆகவே தனியார் பட்டா என்பதாலேயே மரத்தை வெட்டி வீடு கட்டிவிடலாம் என்று தரகர் சொன்னால் நம்பாதீர்கள்.

கோயலோ வழக்கு 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்ம நில (ஜென்மிகள் எனும் பரம்பரை நிலவுடைமையாளர்களின் நிலம்) ஒழிப்புச் சட்டத்தை ஒட்டி எழுந்தது. நீதிமன்றச் சவாலிலிருந்து சட்டங்களைக் காக்க அரசியலமைப்பில் வைத்திருக்கும் பட்டியலான ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்துவிட்டால் மட்டும் ஒரு சட்டம் தப்பிவிடாது, 1973 ஏப்ரல் 24க்குப் பின் சேர்க்கப்பட்டவற்றை நீதிமன்றம் ஆராயலாம் என்பது அதன் சாரம். அரசியலமைப்பு வரலாற்றில் பெரிய விஷயம்தான். கூடலூர், பந்தலூர்க்காரரின் கவலையோ அதே ஜென்ம நிலச் சட்டத்தில், குத்தகைக்கு விடப்பட்ட தோட்ட நிலங்களைப் பற்றிய 17ஆவது பிரிவு. அந்த நிலங்களில் தலைமுறையாகக் குடியிருப்பவர்களுக்கே பட்டா கிடைக்கவில்லை. வெள்ளைத்தாள் ஒப்பந்தத்திலும் பவர் பத்திரத்திலும் நிலம் கைமாறுகிறது.

பவர் பத்திரம் விற்பனை ஆகாது. சூரஜ் லேம்ப் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது: பொது அதிகாரப் பத்திரமும் ஒப்பந்தமும் சேர்ந்தாலும் உரிமை மாறாது, பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்த அதிகாரமும் பொதுவாக முடிந்துவிடும். பிறகு வாரிசுகள் வந்து நிற்பார்கள்.

நீலகிரியின் சீகூர் யானை வழித்தடத் தீர்ப்பையும் இங்கே சொல்ல வேண்டும். விடுதி உரிமையாளர்கள் பட்டாவைக் காட்டி வாதிட்டார்கள். 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம், வழித்தடத்தை அறிவிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்று உறுதிசெய்தது. தனித்தனி ஆட்சேபங்களை விசாரிக்கக் குழு அமைத்தது. யானைக்கு ஆதரவான அந்த முடிவு சரி என்றே நான் கருதுகிறேன்.

பவர் பத்திரத்தைப் பற்றிச் சொன்னபோது வாரிசுகள் வந்து நிற்பார்கள் என்றேன். வாரிசு என்றதும் மகள்களின் பங்கு வருகிறது. அண்ணன் தம்பிகள் தயாராக அடித்து எடுத்துவந்த, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில், படிக்காமலேயே கையெழுத்திட அமரும் அக்காமார்களை அலுவலகத்தில் அடிக்கடி பார்க்கிறேன். "தாயே, முதலில் படியுங்கள்" என்று நிறுத்திவிடுவேன். வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்ட் 11 அன்று வந்த தீர்ப்பின்படி, கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டு. மகளுக்குச் சம உரிமை தந்த சட்டத் திருத்தம் அமலுக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. 'அப்பா காலத்திலேயே வாய்மொழியாகப் பிரித்தாயிற்று' என்ற வாதத்தை அரசு ஆவணம் போன்ற வலுவான சான்று இல்லாமல் ஏற்க முடியாது என்றும் அதில் இருக்கிறது. பழங்குடியினருக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது. அவர்கள் தனியாக ஆலோசனை பெற வேண்டும்.

வில்லங்கச் சான்று சுத்தமாக வந்திருக்கிறது என்று பணம் கொடுக்காதீர்கள். பதிவாகாத தாள்கள் அதில் தெரியாது. நிலம் காடு என்பதும் தெரியாது. வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டு நகலை எடுத்து நிலத்தின் வகைப்பாட்டைப் பாருங்கள். தனியார் காடு என்று அறிவிக்கப்பட்டதா, வழித்தடத்துக்குள் வருகிறதா என்று வனத்துறையிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் எழுத்து மூலம் கேளுங்கள். பதில் வரும்வரை முன்பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.